'இரண்டன்று' என்னும் மறுப்பு: பௌத்தம், யூதம், மேலை மெய்யியல் - ஓர் ஒப்பியல் திறனாய்வு

சமயங்களை ஒப்பிட்டு ஆராயும் நூல்களில் ஒரு கூற்று மீண்டும் மீண்டும் இடம்பெறுகிறது. நாடும் மொழியும் வழிபாடும் வேறுபடினும், ஆழ்ந்து கண்ட சான்றோர் அனைவரும் கண்டது ஒன்றே. அது இருமையற்ற ஒருமை என்பதே அக்கூற்று. ஆல்டஸ் ஹக்ஸ்லி 1945ஆம் ஆண்டில் வெளியிட்ட 'என்றுமுள மெய்யியல்' என்னும் தொகைநூல் இதனை உலகெங்கும் பரப்பிற்று. இதற்கு நேரெதிரான கூற்றொன்று நம் வகுப்பறைகளிலும் அருளுரைகளிலும் வழங்கி வருகிறது. கீழைச் சமயங்கள் ஆளைக் கரைத்துவிடும் ஒருமையைப் போதிக்கின்றன. திருமறையோ பேசும் கடவுளையும் செவிகொடுக்கும் மனிதனையும் எதிரெதிரே நிறுத்துகிறது. ஆகவே இரண்டிற்கும் இடையே உரையாடலுக்கு வழியில்லை என்பது அது. எமில் புருன்னர் 1924இல் எழுதிய 'அனுபூதியும் வார்த்தையும்' என்னும் நூல், சிலையர்மாகரை மறுக்கும் போக்கில், இவ்விரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுமாறு சீர்திருத்த மரபின் இறையியலாருக்கு அறைகூவல் விடுத்தது.

இவ்விரு கூற்றுகளும் ஒன்றற்கொன்று பகையாகத் தோன்றினும், ஒரே அடித்தளத்தின்மீது நிற்கின்றன. 'இருமையின்மை' என்னும் சொல்லுக்கு எங்கும் ஒரே பொருள்தான் உண்டென்று இரண்டுமே கொள்கின்றன. ஒன்று அதனைப் போற்றுகிறது. மற்றொன்று அதனை விலக்குகிறது. இவ்வடித்தளம் உறுதியானதா என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் வினா. இதற்கென நாகார்ச்சுனரின் பௌத்தம், கிழக்கு ஐரோப்பிய ஹாசிதிய யூதம், ஸ்பினோசா, எக்கார்ட் ஆகியோரின் மேலைச் சிந்தனை ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்வோம்.

1. மறுப்பு எதனை மறுக்கிறது?

'அத்துவிதம்' என்னும் சொல்லின் முதலெழுத்தாகிய அகரம் மறுப்பைக் குறிப்பது. அம்மறுப்பு எத்தகையது என்று நம் நாட்டுச் சைவ சித்தாந்திகள் கூர்ந்து ஆராய்ந்துள்ளனர். இன்மை, அன்மை, மறுதலை என மறுப்பு மூவகைப்படும். இரண்டாவது பொருளே இல்லை என்றால் அது இன்மை. பொருள்கள் உண்டெனினும் அவை தனித்தனியே பிரிந்து நிற்கும் இரண்டு அல்ல என்றால் அது அன்மை. நீதிக்கு அநீதி போல எதிரான ஒன்றைச் சுட்டினால் அது மறுதலை. சங்கரர் இன்மைப் பொருளையும், மத்துவர் மறுதலைப் பொருளையும், மெய்கண்டார் அன்மைப் பொருளையும் கொண்டனர் என்பது சித்தாந்த வகுப்புகளில் இன்றும் கற்பிக்கப்படும் பாடம். ஒரே சொல்லை ஏற்றுக்கொண்ட மூவர் மூன்று திசைகளில் சென்றனர் என்பதை இப்பாடம் நமக்கு உணர்த்துகிறது.

ஒப்பியல் அறிஞர் இதனை அறியாதவர் அல்லர். டேவிட் லோய் 1988இல் வெளியிட்ட 'இருமையின்மை' என்னும் நூல், அச்சொல்லின் பல பொருள்களை வகைப்படுத்தியே தொடங்குகிறது. இருகூறாகப் பிரித்து எண்ணும் எண்ணத்தை மறுப்பது, உலகின் பன்மையை மறுப்பது, காண்பானுக்கும் காட்சிக்கும் உள்ள வேறுபாட்டை மறுப்பது என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். ஆயினும், கீழை மரபுகளின் கோட்பாடுகள் தம்முள் முரண்படினும் அவற்றின் அடியில் உள்ள அனுபவம் ஒன்றே எனலாம் என்னும் முடிவுக்கே அவரும் வருகிறார். கோட்பாடுகள் ஓர் அனுபவத்தின் வெவ்வேறு விளக்கங்கள் மட்டுமே என்றால், அம்மரபுகளுக்குள் நிகழ்ந்த கடும் வழக்குகள் பொருளற்றவை ஆகிவிடும். அவ்வழக்குகளோ பெரும்பாலும் அனுபவத்தைப் பற்றியவை அல்ல. இக்கோட்பாட்டை ஏற்றவன் எவ்வாறு வாழ வேண்டும் என்பதைப் பற்றியவை. ஆதலின், ஒவ்வொரு மரபையும் இரு வினாக்களால் சோதிப்போம். இம்மறுப்பு எதனை மறுக்கிறது? மறுத்த பின்பு, எதிரே நின்று கூப்பிடும் மனிதனின் குரல் இன்னும் செவியில் விழுகிறதா?

2. நாகார்ச்சுனர்: ஒன்றும் அன்று, பலவும் அன்று

கி.பி. இரண்டு, மூன்றாம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவராகக் கருதப்படும் நாகார்ச்சுனரின் தலையாய நூல் 'மூலமத்தியமக காரிகை'. இருபத்தேழு இயல்களைக் கொண்டது. பௌத்தத்தின் சார்பில் தோற்றம் என்னும் கோட்பாடு தமிழறிந்தார்க்குப் புதிதன்று; மணிமேகலையின் முப்பதாம் காதை பன்னிரு சார்புகளையும் விரித்துரைக்கிறது. நாகார்ச்சுனர் அக்கோட்பாட்டை அதன் எல்லைவரை கொண்டுசெல்கிறார். பிறவற்றைச் சார்ந்து தோன்றும் எதற்கும் தனக்கெனத் தன்னியல்பு இல்லை. தன்னியல்பு இல்லாமையே சூனியம். சூனியம் என்பது பொருள்கள் இல்லை என்பதன்று. தாமே தம்மால் நிற்கும் பொருள்கள் இல்லை என்பதே.

ஆகவே இவரை ஒருமைவாதி என்பது பொருந்தாது. நூலின் தொடக்க வாழ்த்திலேயே ஒருமை, பன்மை இரண்டையும் அவர் மறுத்துவிடுகிறார். இன்மையோ அன்மையோ என்று கேட்டால் அவர் இரண்டினுள்ளும் அடங்குவதில்லை. எண்ணுவதற்குரிய 'பொருள்' என்னும் கருத்தையே அவர் கேள்விக்கு உள்ளாக்குகிறார். சூனியத்தையே ஒரு கோட்பாடாகப் பற்றிக்கொள்வோரை மருந்துக்கு அடங்காதோர் என்று அவர் கடிந்துரைப்பதும் இதனாலேயே. அதற்கு உரை எழுதிய சந்திரகீர்த்தி, விற்பதற்கு ஒன்றுமில்லை என்ற வணிகனிடம் அந்த 'ஒன்றுமில்லை' என்பதையே விலைக்குக் கேட்டவனை உவமையாகக் காட்டுகிறார்.

இருபத்துநான்காம் இயல் நம் இரண்டாம் வினாவுக்கு நேராக வருகிறது. எல்லாம் சூனியமாயின் துன்பம் ஏது, துன்ப நீக்கம் ஏது, புத்தர் ஏது, அறம் ஏது, சங்கம் ஏது என்று எதிர்வாதி வினவுகிறான். நாகார்ச்சுனரின் விடை இருபகுதியானது. பொருள்களுக்கு மாறாத தன்னியல்பு இருந்தால்தான் துன்பம் நீங்க இயலாது. சூனியமாயிருப்பதாலேயே மாற்றம் இயலும் என்பது ஒன்று. உலக வழக்கின் உண்மை, இறுதி உண்மை என உண்மை இருவகைப்படும். முன்னதைச் சார்ந்தன்றிப் பின்னதைக் கற்பிக்க இயலாது என்பது மற்றொன்று. இருபத்தைந்தாம் இயலில் சம்சாரத்துக்கும் நிர்வாணத்துக்கும் வேறுபாடில்லை என்று அவர் கூறும்போது, இவ்விரண்டாம் விடை அதற்கு அரணாக நிற்கிறது. இறுதி உண்மை உலக வழக்கின் உண்மையை விழுங்கிவிடக் கூடாது.

3. ஹாசிதியம்: அவர் பக்கமும் நம் பக்கமும்

யூத சமயத்தில் இருமையின்மைக்கு இடமேது என்று வினவுவோர், லியாதி நகரின் ரபி சினயூர் சால்மனை (1745-1812) அறிய வேண்டும். 1796இல் வெளிவந்த 'தான்யா' என்னும் அவரது நூலே ஹபாத் மரபின் அடிப்படை நூல். உபாகமம் 4:39, ஆண்டவரையன்றி வேறொருவர் இல்லை என்று சான்று பகர்கிறது. வேறு தெய்வம் இல்லை என்றே நாம் இதனைப் படித்துப் பழகியுள்ளோம். சினயூர் சால்மனோ, கடவுளையன்றி வேறு எதுவுமே இல்லை என்று படிக்கிறார். படைப்பின் வார்த்தை கணந்தோறும் உலகைத் தாங்கி நிற்கிறது. அவ்வார்த்தை விலகின் உலகம் படைப்புக்கு முன்னிருந்த இன்மைக்கே திரும்பும். ஞாயிற்றின் கதிர் வெளியில் கதிராகத் தோன்றுகிறது. ஞாயிற்றுக்குள்ளேயே இருக்கும் கதிருக்கோ தனியிருப்பு இல்லை. உலகம் கடவுளுக்குள் அவ்வாறே உள்ளது.

ஐசக் லூரியா (1534-1572) கற்பித்த 'சிம்சும்' என்னும் கோட்பாடு இங்கே நினைவுகொள்ளத்தக்கது. உலகிற்கு இடமளிக்கும் பொருட்டுக் கடவுள் தம்மைச் சுருக்கிக்கொண்டார் என்பது அது. கடவுள் உண்மையிலேயே விலகிச் சென்றார் என்று இதனைக் கொள்ளலாகாது, அவர் மறைந்து நிற்பதே சுருக்கம் என்று சினயூர் சால்மன் விளக்கினார். இங்கே மறுக்கப்படுவது உலகின் தற்சார்பு. மறுப்பதற்கு ஏதுவாவது பகுத்தறிவின் முடிவன்று. இஸ்ரயேலின் விசுவாச அறிக்கையே.

இதற்கு எழுந்த எதிர்ப்பு இன்னும் கருதத்தக்கது. வில்னாவின் பேரறிஞர் எலியாவின் ஆதரவுடன் 1772இல் ஹாசிதியருக்கு எதிராகத் தடை விதிக்கப்பட்டது. அவருடைய மாணவரான வோலோசின் ஐயீம் (1749-1821) எழுதி, அவர் மறைந்த பின் 1824இல் வெளியான 'உயிரின் ஆன்மா' என்னும் நூல், எதிர்ப்பை ஆழ்ந்த இறையியலாக மாற்றியது. கடவுளன்றி வேறில்லை என்பதை ஐயீம் மறுக்கவில்லை. அது அவர் பக்கத்திலிருந்து பார்க்கும்போது மெய். நம் பக்கத்திலிருந்து பார்க்கும்போதோ உலகும், அதிலுள்ள வேறுபாடுகளும், கட்டளைகளும் மெய். அவர் பக்கத்து உண்மையைக் கொண்டு நம் பக்கத்து வாழ்வை நடத்தத் தொடங்கினால், தூயது எது, தூய்மையற்றது எது என்னும் வேறுபாடு அழியும், கட்டளை கரைந்துபோகும். மனிதன் கீழ்ப்படிய வேண்டியது தான் நிற்கும் பக்கத்திலிருந்தே.

நாகார்ச்சுனரின் இரு உண்மைகளும் ஐயீமின் இரு பக்கங்களும் ஒரே கோட்பாடு அல்ல. முன்னதில் படைத்தவர் இல்லை. பின்னதில் படைத்தவரே எல்லாம். ஆயினும் இரண்டும் ஒரே வகையான ஒழுக்கத்தை வேண்டுகின்றன. உயர்ந்த உண்மை, தாழ்ந்தது என்று கருதப்படும் உண்மையின் கடமைகளை நீக்குவதற்குரிய கருவியன்று என்பதே அவ்வொழுக்கம்.

4. ஸ்பினோசாவும் எக்கார்ட்டும்

ஸ்பினோசா (1632-1677) யூதராய்ப் பிறந்து, 1656 ஜூலை 27 அன்று ஆம்ஸ்டர்டாம் யூதச் சபையால் விலக்கப்பட்டவர். அவர் மறைந்த பின் 1677இல் வெளியான 'அறவியல்' மேலை மெய்யியலில் இருமையின்மையின் மிகத் தெளிவான வடிவம். தானே தன்னால் நிற்கும் பொருள் ஒன்றே. அதுவே கடவுள், அதுவே இயற்கை. எண்ணமும் பரப்பும் அதன் பண்புகள். நீங்களும் நானும் அதன் விகாரங்கள். சித்தாந்திகளின் சொல்லில் கூறின், இது இன்மைப் பொருளில் அமைந்த மறுப்பு: இரண்டாவது பொருள் இல்லை. உலகமே இல்லாமற்போகும் கோட்பாடு இது என்று ஹெகல் பின்னாளில் குறை கண்டார்.

இவரிடம் கூப்பிடும் குரல் என்னவாகிறது? கடவுளை நேசிப்பவன், கடவுள் தன்னைத் திரும்ப நேசிக்க வேண்டுமென்று முயல இயலாது என்கிறது ஐந்தாம் பகுதி. அறிவின்வழி வாழ்வோனிடத்தில் இரக்கம் என்னும் உணர்ச்சி தன்னளவில் தீயதும் பயனற்றதுமாகும் என்கிறது நான்காம் பகுதி. ஆனால் நேர்மையாகப் படிக்க வேண்டும். இரக்கத்தால் அன்றி அறிவினால் பிறர்க்கு உதவ வேண்டும் என்பதே அவர் கருத்து. அறிவாலும் இரக்கத்தாலும் தூண்டப்படாதவனை மனிதத்தன்மை அற்றவன் என்று சொல்வது தகும் என்றும் அவர் அங்கேயே எழுதுகிறார். 1670இல் அவர் பெயரின்றி வெளியிட்ட இறையியல்-அரசியல் நூல், சிந்தனை உரிமைக்காக எழுந்த பெருங்குரல். அவருடைய அறத்தைப் பழிப்பதற்கில்லை. குறை வேறிடத்தில் உள்ளது. ஐயீம் 'நம் பக்கம்' என்று காத்த இடத்தை ஸ்பினோசா 'கற்பனை' என்னும் தாழ்ந்த அறிவுக்கு ஒதுக்கிவிடுகிறார். வேண்டுதலும் முறையீடும் அங்கே பிழையாக எஞ்சுமேயன்றி உரிமையாக எஞ்சுவதில்லை. யோபு அவரிடம் வந்தால் விளக்கம் பெறுவான்; விடை பெறமாட்டான்.

மேலை மரபில் வேறொரு வழியும் உண்டு. டொமினிக்கத் துறவியான எக்கார்ட் (சுமார் 1260-1328), ஆன்மாவின் அடித்தளமும் கடவுளின் அடித்தளமும் ஒன்றே என்று துணிந்து போதித்தவர். 1329இல் திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவானின் ஆணை அவருடைய 28 கூற்றுகளைக் கண்டித்தது. ஆயினும் அவர்தம் அறிவுரைகளில், பவுலடியார் பெற்றது போன்ற பரவசத்தில் ஒருவன் இருக்கும்போதும் நோயாளி ஒருவனுக்குக் கூழ் தேவைப்படுமாயின், பரவசத்தை விட்டெழுந்து அன்போடு அதனைக் கொடுப்பதே மேல் என்கிறார். மார்த்தாள், மரியாள் பற்றிய அருளுரையிலும், ஆண்டவரின் பாதத்தில் அமர்ந்த மரியாளினும் பணிசெய்த மார்த்தாளே முதிர்ந்தவள் என்று எதிர்பாராத விளக்கம் தருகிறார். அவரைத் தொடர்ந்து எழுந்த 'ஜெர்மானிய இறையியல்' என்னும் நூலை 1516இலும் 1518இலும் அச்சிட்டு வெளியிட்டவர் மார்ட்டின் லூத்தர் என்பதை, அனுபூதியையும் வார்த்தையையும் அறவே பிரிக்க விரும்புவோர் மறந்துவிடலாகாது.

5. நோயாளியின் படுக்கை

எக்கார்ட்டின் நோயாளியை விமலகீர்த்தியின் அருகே வைத்துப் பார்க்கலாம். குமாரசீவர் 406இல் சீனத்தில் மொழிபெயர்த்த 'விமலகீர்த்தி நிர்த்தேசம்' என்னும் சூத்திரத்தின் தலைவன் இல்லறத்தான், நோயுற்றுக் கிடக்கிறான். காரணம் கேட்டபோது, உயிர்கள் எல்லாம் நோயுற்றிருப்பதால் தானும் நோயுற்றிருப்பதாகக் கூறுகிறான். இருமையின்மையின் வாயில் எதுவென்று போதிசத்துவர்கள் ஒவ்வொருவராய் உரைத்தபின், அது சொல்லுக்கு எட்டாதது என்று மஞ்சுசிறீ சொல்லாலேயே கூறுகிறார், விமலகீர்த்தியோ மௌனமாயிருக்கிறான். அம்மௌனத்தைப் போற்றும் ஒப்பியல் நூல்கள் பல. அது நோயாளியின் மௌனம் என்பதைச் சுட்டுவன சில.

மார்ட்டின் பூபரும் ஒரு படிப்பினை தருகிறார். 1909இல் பல சமயத்தாரின் பரவச உரைகளைத் தொகுத்து வெளியிட்டவர் அவர். ஒருநாள் காலை சமயப் பரவசத்தில் திளைத்தபின், தம்மைக் காணவந்த இளைஞன் ஒருவனிடம் அன்பாகவே பேசினார். ஆயினும் முழுமனத்தோடு அவனுக்குச் செவிகொடுக்கவில்லை. அவன் கேளாமல் விட்ட வினாவை அவரும் உய்த்துணரவில்லை. பின்னர் அவன் உயிரோடில்லை என்று அறிந்தார். அன்றாட வாழ்விலிருந்து விலக்கி நிற்கும் சமய அனுபவத்தை அதன்பின் தாம் கைவிட்டதாக அவர் எழுதுகிறார். பிளவற்ற ஒருமை நிலையைத் தாம் அறிந்ததுண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. அது கடவுளோடு ஒன்றிய நிலையன்று, தம் சொந்த ஆன்மாவின் ஒருமையே என்று பின்னர்த் தீர்ப்பளித்தார். 1923இல் வெளிவந்த 'நானும் நீயும்' இம்மனமாற்றத்தின் கனி.

இம்மூன்று சான்றுகளும் ஒன்றையே சொல்கின்றன என்று முடிவுகட்டின், நாமும் ஹக்ஸ்லியின் வழியில் விழுவோம். எக்கார்ட், கூழ் கொடுப்பவன் பரவசத்தால் வரும் நன்மையை இழப்பதில்லை என்று கருதுகிறார். பூபர், அத்தகைய பரவசத்தையே துறக்கிறார். விமலகீர்த்தியின் நோயோ, பிறர்க்குக் கற்பிக்கும் பொருட்டு அவன் மேற்கொண்ட உபாயம். இங்கே கிறிஸ்தவன் நின்று சிந்திக்க வேண்டும். நம் ஆண்டவரின் பாடுகளை உபாயமாகக் கொண்ட போதனையைத் தோற்றவாதம் என்று ஆதித் திருச்சபை விலக்கியது. சிலுவையில் எழுந்த கூக்குரல் பிறர்க்குக் காட்டப்பட்டதன்று, படப்பட்டது. மெய்யும் தோற்றமும் இரண்டென்று பிரிப்பதே பிழை என்று பௌத்தர் விடை கூறக்கூடும். அவ்விடையை மதித்துக் கேட்கலாம். ஆயினும் வேறுபாடு உண்மையானது, அதனை மூடிமறைத்தல் உரையாடலன்று.

இருமையின்மை வழிதவறியதும் உண்டு. வெட்டுவோனும் வாளும் வெட்டுண்பவனும் சூனியமே என்னும் கருத்தைச் சென் துறவி தாக்குவான் (1573-1645) வாள் ஆசான் ஒருவருக்கு எழுதினார். இருபதாம் நூற்றாண்டில் யப்பானியப் போர்வெறிக்குச் சென் ஆசிரியர் பலர் இத்தகைய போதனையால் துணைநின்றனர் என்பதைப் பிரையன் விக்டோரியா 1997இல் வெளியிட்ட நூல் விரிவாக எடுத்துக்காட்டியது. சோட்டோ சென் பிரிவு தன் போர்க்காலக் குற்றத்துக்காக 1992இலேயே மனம்வருந்தி அறிக்கை வெளியிட்டிருந்தது. இதனைச் சுட்டிக்காட்டி மகிழ நமக்கு உரிமையில்லை. 1914இல் ஜெர்மனியின் போரை ஆதரித்துக் கையெழுத்திட்ட 93 அறிஞரில் ஹார்னாக், ஹெர்மன் முதலிய நம் இறையியல் ஆசான்களும் இருந்தனர். அவர்கள் இருமையின்மையைப் போதித்தவர் அல்லர். ஆள்தன்மையுள்ள கடவுளையே போதித்தவர்கள். கோட்பாட்டின் வடிவம் மட்டும் எவரையும் காப்பதில்லை.

6. திருச்சபைக்கு எஞ்சும் பாடம்

கால்சிதோன் சங்கம் (451) கிறிஸ்துவின் இறைமையையும் மனிதத்தையும் கலப்பும் மாற்றமும் இன்றி, பிரிவும் பகுப்பும் இன்றி என நான்கு மறுப்புகளால் அறிக்கையிட்டது. இரண்டன்று என்பதையும் ஒன்றன்று என்பதையும் ஒருங்கே கூறக் கற்றது நம் திருச்சபை. ஆகவே 'இரண்டன்று' என்னும் சொல்லைக் கேட்டவுடனே அஞ்சி ஒதுங்க வேண்டியதில்லை; எவ்வகை மறுப்பு என்று கேட்கவேண்டும்.

மத்தேயு 25இல் அரசர், நோயுற்றவனுக்குச் செய்ததைத் தமக்கே செய்ததாக உரைக்கிறார். இதனினும் வலிய ஒருமைக் கூற்று திருமறையில் அரிது. ஆனால் அதனை உரைப்பவர் எவர், எப்போது உரைக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். பணிசெய்தோர் அதனை அறியவில்லை. அவர்கள் கண்டது நோயாளியை மட்டுமே. தாங்கள் எப்போது அவரைக் கண்டோம் என்று வியந்து கேட்கின்றனர். நோயாளியைக் கடவுளாக எண்ணிக்கொண்டு அவனைத் தாண்டிப் பார்க்கவில்லை. 'இரண்டன்று' என்பது இறுதியில் நடுவர் சொல்லும் சொல். பணியாளனின் தொடக்கக் கொள்கையன்று. வோலோசின் ஐயீம் இதனை அவர் பக்கத்து உண்மை என்றிருப்பார். நம் பக்கத்தில் இருப்பது ஒரு படுக்கை, ஒரு பெயர், ஒரு வேதனை.

ஆகவே தேர்வுத் தாளில் 'கிழக்கு ஒருமை, மேற்கு உறவு' என்று எழுதும் மாணவரும், அதனையே அருளுரையில் கூறும் போதகரும், அவ்வரியை அடித்துவிட்டு மீண்டும் எழுதத் தொடங்குவது நலம். அவ்வரி நாகார்ச்சுனருக்கும் பொருந்தாது, ஹாசிதியருக்கும் பொருந்தாது, மேற்கின் எக்கார்ட்டுக்கும் ஸ்பினோசாவுக்கும் பொருந்தாது. எல்லாம் இறைவனே, துன்பமும் அவருள் ஒரு தோற்றமே என்று நோயுற்றவர் அருகில் ஆறுதல் கூறும் வழக்கமும் நம்மிடையே நுழைந்திருக்கிறது. அச்சொல் ஒருவேளை உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அதனைச் சொல்லும் உரிமை அப்படுக்கையில் கிடப்பவருக்கு உண்டு, அரசருக்கு உண்டு. நாற்காலியில் அமர்ந்திருக்கும் நமக்கு இல்லை. நமக்குரியது கூழ் கொண்டுசெல்லும் பணியும், கேளாமல் விட்ட வினாவையும் கேட்கும் செவியும்.